தரவரிசையும் தாலந்தும்: பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?



ஜனவரி மாதம் பிறந்துவிட்டால் நம் சபைகளில் ஒரு ஜெப விண்ணப்பம் தவறாமல் வரும். "ஐயா, பிள்ளைக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்க ஜெபியுங்கள்" என்பதே அது. திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புக்காகப் புறப்பட்டு, மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் குடியேறிய நாம், நமக்குக் கிட்டாத கல்வி நம் பிள்ளைகளுக்குக் கிட்டவேண்டும் என்று ஏங்குவது இயல்பே. அந்த ஏக்கத்தைத் தேவன் அறிவார். ஆயினும் "நல்ல பள்ளி" என்று நாம் சொல்லும்போது எதை மனதில் வைத்துச் சொல்கிறோம்?

இக்கேள்விக்கு இன்று இரண்டு விடைகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஒன்று, தரவரிசைப் பட்டியல். "முதலிடம் பெற்ற பள்ளி" என்று கேட்டவுடன் நம் உள்ளம் அங்கே ஓடுகிறது. மற்றொன்று, "அறிவுத்திறன் மிக்க பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பு" என்னும் அறிவிப்பு. நம் பிள்ளை அதில் தேர்வானால் நம் குடும்பத்தின் நிலையே மாறிவிடும் என்று எண்ணுகிறோம். மாநகராட்சித் தொடக்கப் பள்ளியையோ அரசுத் தொடக்கப் பள்ளியையோ தேர்ந்துகொள்ளும் பெற்றோர் இவ்விரண்டையும் எவ்வளவு நம்பலாம் என்பதை வேத வெளிச்சத்தில் நிதானமாக ஆராய்வோம்.

எலியாபின் உயரம்

ஈசாயின் வீட்டுக்குச் சென்ற சாமுவேல் தீர்க்கதரிசி, மூத்தவனாகிய எலியாபைக் கண்டவுடன் இவனே அபிஷேகம் பெறவேண்டியவன் என்று எண்ணினார். கர்த்தரோ, முகத்தையும் உயரத்தையும் கொண்டு அளக்கவேண்டாம் என்று அவரைத் தடுத்தார் (1 சாமு. 16:6, 7). தேவனுடைய மனிதனுக்கே வெளித்தோற்றம் தவறான விடையைக் காட்டியது என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாய் இருக்கவேண்டும்! தரவரிசை என்பது பள்ளியின் உயரம். அதன் உள்ளம் வேறு.

தரவரிசைகளில் மூன்று வகையுண்டு. முதலாவது, ஆங்கில இதழ்கள் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல்கள். பெற்றோர், ஆசிரியர் முதலானோரிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் கொடுப்பதே இவற்றில் பெரும்பாலும் பின்பற்றப்படும் முறையாகும். இடம்பெறுபவை மிகுதியும் கட்டணப் பள்ளிகளே. அரசுப் பள்ளிகளுக்கென்று தனிப் பட்டியல் இருந்தாலும், ஏற்கெனவே பேர்பெற்ற சில பள்ளிகளே அதில் காணப்படும். உங்கள் தெருமுனையிலுள்ள மாநகராட்சித் தொடக்கப் பள்ளியை அங்கே தேடினால் கிடைக்காது. அது தரம் குறைந்தது என்பது அதற்குப் பொருளல்ல. அதை எவரும் அளந்து பார்க்கவில்லை என்பதே பொருள்.

இரண்டாவது, அரசு வெளியிடும் மதிப்பீடுகள். 2019-ஆம் ஆண்டு நிதி ஆயோக் வெளியிட்ட பள்ளிக் கல்வித் தரக் குறியீட்டில், பெரிய மாநிலங்களுள் கேரளம் முதலிடமும் தமிழ்நாடு இரண்டாமிடமும் பெற்றன. கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அது மாநிலங்களை ஒப்பிட்ட கணக்கு. 2024 டிசம்பரில் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்பு மாணவரிடையே நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வும் மாதிரிக்காகச் சில பள்ளிகளைத் தெரிந்துகொண்டு நடத்தப்பட்டதே. மாவட்டமும் மாநிலமும் எந்நிலையில் உள்ளன என்பதை இவை காட்டும். இரண்டு பள்ளிகளுள் எது உங்கள் பிள்ளைக்கு ஏற்றது என்பதைக் காட்டமாட்டா.

மூன்றாவது, பள்ளி வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸ் பலகை. "பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி" என்ற வரியும், மாணவர் சிலரின் புகைப்படங்களும் அதிலிருக்கும். பலகையைக் கண்டு மயங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களுள் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள்? இடையில் எண்ணிக்கை குறைந்திருந்தால், பின்தங்கிய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நாம் சிந்திக்கவேண்டும். தொண்ணூற்றொன்பதைக் காட்டிப் பெருமை பேசுகிறவரல்லர், காணாமற்போன ஒன்றைத் தேடிச் செல்லுகிறவரே நம் மேய்ப்பர்.

தேர்ந்தெடுத்த பின் முதலிடம்

தரவரிசையிலுள்ள பெரிய சிக்கலை விளங்கிக்கொள்ளத் தில்லியிலிருந்து ஓர் உதாரணம் காண்போம். தில்லி அரசு "ராஜ்கீய பிரதிபா விகாஸ் வித்யாலயா" என்னும் பள்ளிகளைப் பல்லாண்டுகள் நடத்தியது. பின்னாளில் அவற்றின் பெயரும் அமைப்பும் மாறின. அரசுப் பள்ளிகளைப் பற்றிய பட்டியல்களில் அவை முன்னணியில் நின்றன. பொதுத் தேர்வு முடிவுகளும் சிறப்பாக இருந்தன. ஆனால் அப்பள்ளிகள் ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு வைத்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே தெரிந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டன. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, கூட்டலும் கழித்தலும் கற்றுத்தந்தவர்கள் யார்? ஐந்தாம் வகுப்பு வரை அவர்களுக்குப் பாடம் நடத்திய சாதாரணத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே. அவர்களுடைய பள்ளிகளோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒரு பள்ளியின் முடிவு சிறப்பாயிருக்கிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். சிறந்த பிள்ளைகள் அங்கே சேர்ந்திருக்கலாம். அல்லது சேர்ந்த பிள்ளைகளை அந்தப் பள்ளி சிறந்தவர்களாக வளர்த்திருக்கலாம். தரவரிசை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. நமக்கு வேண்டியதோ இரண்டாவது வகைப் பள்ளி.

தமிழக அரசு 2017-ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவிலான முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. சி.பி.எஸ்.இ. வாரியமும் இப்போது தகுதிப் பட்டியல் வெளியிடுவதில்லை. தேர்வு நடத்துகிறவர்களே ஒதுக்கிவைத்ததை நாம் ஏன் தலையில் தூக்கிச் சுமக்கவேண்டும்?

நம் சபைக் குடும்பங்களுள் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். சலவைத் தொழில் செய்யும் ஒரு சகோதரர், "ஏரியாவிலேயே நம்பர் ஒன்" என்று பெயர்பெற்ற ஒரு தனியார் பள்ளியில் தம் மகனைச் சேர்த்தார். முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது. இரண்டாம் ஆண்டுக்கு வட்டிக்கு வாங்கினார். மூன்றாம் ஆண்டில் கட்ட முடியவில்லை. பள்ளி நிர்வாகம் மாற்றுச் சான்றிதழைத் தர மறுத்தது. பிள்ளை நான்கு மாதம் வீட்டிலிருந்தான். பிறகு மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தபோது, அங்கிருந்த ஆசிரியை முதல் வாரத்திலேயே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பையனுக்கு எந்த மொழியிலும் ஒரு வரியைச் சேர்த்து வாசிக்கத் தெரியவில்லை. ஆங்கிலப் பாட்டுகளை ஒப்பித்தான். கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதினான். வாசிக்க மட்டும் தெரியவில்லை. அந்த ஆசிரியை ஓராண்டு உழைத்து அவனுக்கு வாசிப்பைக் கற்றுத்தந்தார். இப்போது ஞாயிறு பள்ளியில் வசனத்தை வாசிக்க முதலில் எழுந்து நிற்பவன் அவனே.

எல்லாத் தனியார் பள்ளிகளும் அப்படி என்றோ, எல்லா மாநகராட்சிப் பள்ளிகளும் இப்படி என்றோ சொல்ல நான் வரவில்லை. அந்தச் சகோதரர் பள்ளியின் பெயரை விசாரித்தார்; பிள்ளை வாசிக்கிறானா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

தொடக்கப் பள்ளியின் முதற்கடமை

ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்குள் ஒரு பிள்ளை இரண்டைக் கற்றாகவேண்டும். பொருள் விளங்க வாசிக்கவேண்டும். எளிய கணக்குகளைச் செய்யவேண்டும். இவ்விரண்டும் வராவிட்டால் நான்காம் வகுப்பு முதல் எல்லாப் பாடமும் சுமையாகிவிடும். 2021-இல் மத்திய அரசு தொடங்கிய "நிபுண் பாரத்" திட்டமும், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்விரண்டும் வரவேண்டும் என்பதையே இலக்காகக் கொண்டது.

நிலைமை எளிதானதன்று. பிரதம் என்னும் அமைப்பு 2005 முதல் நாட்டின் கிராமப்புறங்களில் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. அதன் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தாம். நம் நகரங்களை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆயினும் அது கையாளும் சோதனை நமக்கும் பயன்படும். உங்கள் பிள்ளையின் முந்தைய வகுப்புப் புத்தகத்திலிருந்து, அவன் மனப்பாடம் செய்யாத ஒரு பத்தியை எடுத்துக் கொடுங்கள். எழுத்தை மட்டும் சொல்கிறானா, தனிச்சொல்லை வாசிக்கிறானா, வாக்கியத்தை வாசிக்கிறானா, வாசித்ததைத் தன் வார்த்தையில் சொல்கிறானா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். எந்தப் பட்டியலைவிடவும் அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

வரம் பெற்ற பிள்ளைகள்

அடுத்து, திறமைசாலிகளுக்கான சிறப்பு வகுப்புகளைப் பார்ப்போம். 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தெரிந்தெடுப்பதைத் தடைசெய்கிறது. மீறும் பள்ளிக்கு முதல்முறை 25,000 ரூபாய் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஆகவே ஒன்றாம் வகுப்புக்கு "அறிவுத்திறன் தேர்வு" என்று ஒருவர் கட்டணம் கேட்டால் பயப்படாமல் காரணம் கேளுங்கள்.

அரசு நடத்தும் தெரிந்தெடுப்புகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகே வருகின்றன. 1986 முதல் நடைபெறும் ஜவஹர் நவோதயா பள்ளிகள் ஆறாம் வகுப்பில் தேர்வு வைத்துச் சேர்க்கின்றன. அவற்றில் குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கே. தமிழ்நாட்டில் அப்பள்ளிகள் இல்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். 2025-இல் தில்லியில் தொடங்கப்பட்ட சிஎம் ஸ்ரீ பள்ளிகளும் ஆறாம் வகுப்பு முதலான சேர்க்கைக்கே தேர்வு வைத்தன. எட்டாம் வகுப்பில் எழுதக்கூடிய தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வு நம்மவர்களுக்கு மிகவும் பயனுள்ளது. ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகள், தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறலாம். அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்போரே அதை எழுதமுடியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்ததால் திறக்கும் வாசல் அது.

"ஒலிம்பியாட்" என்னும் பெயரைக் கேட்டும் பலர் ஏமாறுகிறார்கள். நாட்டின் சார்பில் மாணவரை அனுப்பும் ஒலிம்பியாட் தேர்வுகளை மும்பை மான்குர்டிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஒருங்கிணைக்கிறது. அவை உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவருக்குரியவை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பணம் கட்டி எழுதவைக்கும் "ஒலிம்பியாட்" தனியார் நிறுவனங்களுடையது. எழுதுவதில் கேடில்லை, அந்தப் பதக்கத்தைக் கொண்டு பள்ளியையும் பிள்ளையையும் அளப்பதே கேடு.

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் வரங்களைக் குறித்து நன்றாய் அறிந்தவர்கள். ஆவியானவர் தம் சித்தப்படி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரத்தைக் கொடுக்கிறார் என்றும், அது எல்லாருடைய நன்மைக்காகவும் கொடுக்கப்படுகிறது என்றும் பவுல் போதிக்கிறார் (1 கொரி. 12:7, 11). சபையில் இதற்கு ஆமென் சொல்லிவிட்டு, வீட்டில் நம் பிள்ளைகளுக்கு ராங்க் போடலாமா? யாக்கோபு ஒரு மகனுக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக்கொடுத்தார், அந்த வீட்டில் சமாதானம் போயிற்று (ஆதி. 37:3, 4). "இவன் கெட்டிக்காரன், அவன் மந்தம்" என்று விருந்தினர் முன் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அப்படிப்பட்ட அங்கியே.

நீதிமொழிகள் 22:6-இல் பிள்ளையை நடத்தவேண்டிய வழியைப் பற்றிச் சொல்லும் இடத்தில், மூல எபிரெயச் சொற்றொடருக்கு "அவனுடைய வழிக்கு ஏற்ப" என்றும் பொருள் கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகமும் ஒரு போக்கும் உண்டு. ஐந்தரை வயதில் வாசிப்பவனும் ஏழு வயதில் வாசிப்பவனும் பன்னிரண்டு வயதில் ஒரே வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். ஆகவே ஆறு வயது நிரம்புமுன் ஒன்றாம் வகுப்பில் தள்ளவும் வேண்டாம்.

நம் நகரங்களில் என்ன கிடைக்கிறது?

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. சீருடை, பை, புத்தகம் இலவசம். மதிய உணவும் உண்டு. 2020 முதல் சி.பி.எஸ்.இ. போன்ற பாடத்திட்டங்களைக் கொண்ட "மும்பை பப்ளிக் ஸ்கூல்" பள்ளிகளையும் மாநகராட்சி தொடங்கியுள்ளது. விண்ணப்பங்கள் மிகுந்தால் அங்கே குலுக்கல். தில்லியில் மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்பு வரையே உள்ளன. ஆறாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளியுடன் அது இணைக்கப்பட்டுள்ளது என்று சேர்க்கும்போதே கேளுங்கள். லோதி எஸ்டேட், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி முதலிய இடங்களில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் தமிழும் கற்பிக்கப்படுகிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் ஒன்றாம் வகுப்புக்குத் தேர்வு கிடையாது. மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை அளித்தபின், குலுக்கல் முறையில் இடம் வழங்கப்படுகிறது.

தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு 25 சதவீத இடம் உண்டு என்பதும் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ளதே. ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கிறிஸ்தவ நிர்வாகத்தின் கான்வென்ட் பள்ளிகளில் இந்த ஒதுக்கீட்டை எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திராதீர்கள். மற்றப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பதானால் இருப்பிட, வருமானச் சான்றுகளை நீங்கள் வாழும் மாநில விதிப்படி முன்னதாகவே பெற்றுவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் படிக்கவைப்பது என்பது மனதைப் பிழியும் கேள்வி. இளம் பிள்ளை தான் பேசும் மொழியில் எளிதாய் வாசிக்கக் கற்கிறது; கூடியவரை தாய்மொழியிலேயே கற்பிக்கவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமும் கூறுகிறது. ஆனால் தமிழ்வழிப் பள்ளி எந்த வகுப்போடு முடிகிறது, அதன்பின் பிள்ளை எங்கே செல்லும் என்பதை முதல்நாளே விசாரியுங்கள். ஆங்கில வழியைத் தெரிந்துகொள்வீர்களானால் வீட்டில் தமிழ் வாசிப்பைக் கைவிடாதீர்கள். மராத்தியையும் கன்னடத்தையும் கண்டு அஞ்சவும் வேண்டாம். கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தந்த மாநில மொழியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியுள்ளன. நாம் குடியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி கர்த்தர் சிறையிருப்பின் ஜனங்களுக்குக் கட்டளையிட்டாரே (எரே. 29:7). அந்தப் பட்டணத்தின் மொழியைக் கற்பதும் அதில் அடங்கும்.

நேரில் சென்று பாருங்கள்

கானானை வேவு பார்க்கச் சென்றவர்களிடம் மோசே, நிலம் வளமானதா, மரங்கள் உண்டா, ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்றெல்லாம் பார்த்துவரும்படி சொல்லி அனுப்பினார் (எண். 13:18-20). நீங்களும் ஒரு வேலைநாள் காலையில், தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, பள்ளியைப் பார்த்துவாருங்கள்.

1. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா? ஓரிருவரை அன்பாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்வரிசையில் இருப்பவரை மட்டுமல்ல, கடைசி வரிசையில் இருப்பவரையும்.

2. வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா? தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். பதிவேட்டிலுள்ள எண்ணிக்கையைவிட, நீங்கள் சென்ற நாளில் எத்தனை பேர் வகுப்பில் நின்றார்கள் என்பது முக்கியம்.

3. பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். "தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருகிறோம்" என்பது ஒரு பதில். "வீட்டில் டியூஷன் வையுங்கள்" என்பது வேறொரு பதில்.

4. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டுங்கள். பிள்ளையின் சொந்த வாக்கியங்கள் உண்டா, அல்லது எல்லார் நோட்டிலும் ஒரே வாக்கியமா? ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா?

5. கழிப்பறையும் குடிநீரும் எப்படியுள்ளன? பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, அது பூட்டப்படாமல் இருக்கிறதா?

6. பள்ளிக்குப் பிள்ளை நடந்து போகமுடியுமா? ரயில் தண்டவாளமோ நெடுஞ்சாலையோ குறுக்கிட்டால் அதையும் எண்ணிப் பாருங்கள். தூரத்துப் பள்ளிக்கு வேனில் செல்லும் ஒன்றரை மணி நேரம் பிள்ளையின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

7. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யு-டைஸ் எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, சபையிலுள்ள வாலிபர் ஒருவரின் துணையோடு அரசின் இணையதளத்தில் ஆசிரியர் எண்ணிக்கையையும் மாணவர் எண்ணிக்கையையும் பாருங்கள். கண்ணால் கண்டதோடு ஒப்பிடுங்கள்.

இவையனைத்திலும் நிறைவான பள்ளி அமைவது அரிது. முதல் மூன்றும் நன்றாயிருந்தால், சுவரில் வண்ணம் மங்கியிருப்பதைப் பொருட்படுத்தவேண்டாம்.

சான்றிதழ் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் சோர்ந்துபோகாதீர்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதும் அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்குத் தடையாகாது. மேலே சொன்ன சகோதரருக்கு இது தெரிந்திருந்தால் அவர் மகன் நான்கு மாதம் வீட்டிலிருந்திருக்கமாட்டான். ஒவ்வொரு சபையிலும் இதையறிந்த ஒருவர் இருக்கட்டும்.

மேலும், அரசுப் பள்ளிகளில் அமைக்கப்படவேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோராக இருக்கவேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நம் சகோதரிகள் ஏன் அதில் அமரக்கூடாது? தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கச் சொல்வதும், ஆசிரியர் பணியிடம் காலியாயிருப்பதை எழுதிக் கொடுப்பதும் அயலாரை நேசிக்கும் ஊழியமே. நம் பிள்ளையோடு அடுத்த வீட்டுப் பிள்ளையும் பயன்பெறும்.

பாபிலோனின் தேர்வும் யூதாவின் வீடும்

வேதாகமத்திலும் ஒரு தெரிந்தெடுப்பு உண்டு. நேபுகாத்நேச்சார் ராஜா, சிறைபிடித்துவந்த வாலிபரில் அழகும் அறிவும் உள்ளவர்களைத் தெரிந்தெடுத்து, மூன்று ஆண்டுகள் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்பிக்கச் செய்தான் (தானி. 1:3-5). தானியேலும் தோழரும் அந்நிய மொழியைக் கற்க மறுக்கவில்லை. முடிவில் ராஜ்யத்திலுள்ள எல்லா ஞானியரையும் மிஞ்சி நின்றார்கள். ஆனால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தானியேல் உறுதிகொண்ட இருதயம், ராஜாவின் பள்ளியில் உண்டானதல்ல. அது யூதாவிலேயே அவனுக்குள் உருவாகியிருந்தது. அறிவையும் தேவனே அவர்களுக்குக் கொடுத்தார் என்று 17-ஆம் வசனம் தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் வீட்டின் பொறுப்பு நீங்காது. இரவு ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தின் ஐந்து வசனங்களைப் பிள்ளை சத்தமாய் வாசிக்கட்டும். கடைக்குப் போகும்போது மீதிச் சில்லறையைக் கணக்கிடட்டும். நீங்கள் எழுதப் படிக்க அறியாதவராயிருந்தாலும், பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். அதுவே அவனுக்குப் பெரிய ஊக்கம்.

தாலந்துகளின் உவமையைக் கவனித்து வாசியுங்கள் (மத். 25:14-30). ஐந்து தாலந்து பெற்றவன் வேறு ஐந்தைச் சம்பாதித்தான். இரண்டு பெற்றவன் வேறு இரண்டைச் சம்பாதித்தான். கணக்குப் பார்க்கும் நாளில் எஜமான் இருவருக்கும் சொன்ன பாராட்டு, 21-ஆம் வசனத்திலும் 23-ஆம் வசனத்திலும் ஒரே வார்த்தைகளில் அமைந்திருக்கிறது. "நீ முதலிடம், நீ இரண்டாமிடம்" என்று அவர் பிரிக்கவில்லை. ஒவ்வொருவனும் தான் பெற்றதை என்ன செய்தான் என்பதையே பார்த்தார். உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது ஐந்தோ இரண்டோ, அதைப் பெருகச்செய்யும் பள்ளியே அவனுக்கு நல்ல பள்ளி. பெயருக்காகக் கடன்பட்டுப் பிள்ளையின் தாலந்தை நிலத்தில் புதைத்துவிடாதிருப்போமாக.

ஜெபிப்போம். எங்கள் பரலோகப் பிதாவே, அந்நிய பட்டணங்களில் உழைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு தகப்பனையும் தாயையும் உமது சமுகத்தில் வைக்கிறோம். பெயரைக் கண்டு மயங்காமல், உண்மையைக் கண்டு தெரிந்துகொள்ளும் ஞானத்தைத் தாரும். எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை ஆசீர்வதியும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்தருளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்கிறோம், ஆமென்.